கொள்கலன் சரி, சர்வர்லெஸ்ஸுக்கு என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

மேகக் கணிமைப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கண்டெய்னர் (நிரலை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதி), சர்வர்லெஸ் இரண்டும் தலைப்பிலேயே வருகின்றன. முதலாவதற்குக் கொள்கலன் என்று போட்டுவிட்டேன். இரண்டாவதற்குச் 'சேவையகமற்ற' என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த மாணவி ஒருத்தி, "அப்படியானால் நிரல் எதில் ஓடுகிறது?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. சர்வர் இருக்கத்தான் செய்கிறது, அதை வாங்கி நிறுவிப் பார்த்துக்கொள்வது நம் வேலை இல்லை, அவ்வளவுதான். அழைப்பு வந்தால் நிரல் எழுகிறது, ஓடிய நேரத்துக்குத்தான் கட்டணம், அழைப்பு இல்லாதபோது எதுவும் ஓடுவதில்லை. இந்தப் பொருளைக் கெடுக்காத ஒரு சொல் வேண்டும்.

* * *

அம்மா, வணக்கம். கேட்ட சொல்லுக்கு வருமுன் கொள்கலனைப் பற்றி ஒன்று. கொள்ளாத கலன் உண்டா? வினைத்தொகையாக்கி நீட்டுவதால் என்ன கூடுகிறது? கலம் என்ற மூன்றெழுத்து வேர்ச்சொல்லே போதும் (கலன் அதன் கடைப்போலி, நிலம் நிலன் ஆவதுபோல). அதில் இன்னொரு நயமும் இருக்கிறது. கலம் என்றால் பாண்டம், கலம் என்றால் கப்பல். இந்தக் கலங்களை ஒழுங்குபடுத்தும் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளின் பெயர் கிரேக்கத்தில் கப்பலோட்டியைக் குறிக்கிறது. நமக்கு மீகாமன் இருக்கிறான், அதைவிடப் பழைய நீகானும் இருக்கிறான். அகநானூறு 255ஆம் பாட்டில் மாடத்து விளக்கொளியைப் பார்த்துத் துறையறிந்து மரக்கலத்தைச் செலுத்துகிறவன் அவன்தான். கலம், நீகான் என்று இணையாக வைத்தால் மாணவர் மனத்தில் ஒரே படமாக நிற்கும். ஓங்கலிடை வந்த தமிழ்ச்சொல்லெல்லாம் இருக்க ஏன் கடன் வாங்க வேண்டும்?

* * *

ஐயா, நீகானை இப்போதுதான் அறிகிறேன், நன்றி. ஆனால் படம் பொருந்தவில்லை. கண்டெய்னர் கப்பல் அன்று, கப்பலில் ஏற்றும் பெட்டி. 1956இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு கிளம்பியதில்தான் அந்தக் கதை தொடங்குகிறது. உள்ளே என்ன இருந்தாலும் வெளியளவு ஒன்றே, எந்தக் கப்பலிலும் எந்த லாரியிலும் உட்காரும் என்பதுதான் அதன் பயன். 2013இல் டாக்கர் என்ற கண்டெய்னர் மென்பொருள் வந்தபோது பரவியதும் அந்தக் கருத்துதான்: நிரலையும் அதற்குத் தேவையான துணைநிரல் நூலகங்களையும் ஒரே படிமமாகக் கட்டிவிட்டால் என் மடிக்கணினியில் ஓடியது அங்கேயும் ஓடும். நீங்கள் கலம் என்றால் பெட்டி எது, கப்பல் எது என்று குழம்பிவிடும். துறைமுகச் செய்தியில் ஏற்கெனவே கொள்கலன் என்றுதான் எழுதுகிறார்கள். அதை விட்டுவிடலாமே.

சர்வர்லெஸ் பற்றி ஒரு தொழில்நுட்பக் கட்டுப்பாடு சொல்கிறேன். 2014இல் அமேசானின் சர்வர்லெஸ் சேவையான லாம்டா வந்தபோது அது தனிச் செயற்கூறுகளை ஓட்டுவதற்கானது. இன்று அப்படி இல்லை. அமேசானின் பார்கேட், கூகுளின் கிளவுட் ரன் இரண்டும் கொள்கலனையே நாம் சர்வர் பார்க்காமல் ஓட்டித் தருகின்றன, லாம்டாவும் 2020 முதல் 10 ஜிபி வரையிலான கொள்கலன் படிமத்தை ஏற்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது பெயர்ச்சொல் இல்லை, செயலி, கொள்கலன், தரவுத்தளம் எதன் முன்னும் ஒட்டக்கூடிய பெயரெச்சம். கம்பியில்லாத் தந்தி என்று ஒரு தலைமுறையே சொன்னது. சர்வரை வழங்கி என்று வைத்துக்கொண்டால், அதே அச்சில் வழங்கியில்லாச் செயலி, வழங்கியில்லாக் கொள்கலன். முடிந்தது.

* * *

முடியவில்லை நண்பரே. வழங்கி என்று எடுத்ததற்கு மகிழ்ச்சி, சேவையகத்தில் சேவை வடசொல். (சங்கப் பாடல்களில் வழங்குதல் நடமாடுதலும் ஆகும், புலி வழங்கும் வழி என்றால் புலி உலவும் வழி. இங்கே தருதல் என்ற பொருளே போதும்.) ஆனால் 'இல்லா' பொய் சொல்கிறதே! மாணவி கேட்டது சரியான கேள்வி. வாடகை வண்டியில் போகிறவரை வண்டியில்லாப் பயணி என்போமா? என் பரிந்துரை: வழங்கியறியா. வழங்கி இருக்கிறது, எழுதுபவர் அதை அறிய வேண்டியதில்லை. 'வழங்கிபேணா' என்றும் யோசித்தேன். "பெரியாரைப் பேணாது ஒழுகின்" என்ற குறள் நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன், பேணாமை அங்கே மதிக்காமை.

* * *

நான் வகுப்பெடுப்பவள். வழங்கியறியாச் செயலி என்று கரும்பலகையில் எழுதினால், வழங்கியை அறியாதது செயலியா, எழுதியவரா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் போகும். அப்புறம் பிழைச்செய்தி எல்லாம் ஆங்கிலத்தில் வரும்போது நம் சொல்லை அதோடு பொருத்திப் பார்க்க அவர்களுக்குத் தெரிய வேண்டும். சர்வர்லெஸ் என்றே தமிழில் எழுதினால் என்ன குறை? பஸ், ரேடியோ எல்லாம் அப்படித்தானே வந்தன? தூய்மைக்காகப் புரிதலை விலையாகக் கொடுக்க எனக்கு மனமில்லை.

* * *

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாளில் எழுபது மடல் ஆகிவிட்டது, எல்லாவற்றையும் படித்தேன். கொள்கலனை மாற்றவில்லை. மற்றதற்கு வழங்கியில்லா என்பதற்கே ஆதரவு அதிகம், 'இருக்கட்டும், அடுத்த வேலையைப் பார்ப்போம்' என்ற அளவில்தான் பலரும் ஒப்புக்கொண்டீர்கள். அதையே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் சர்வர்லெஸ் என்று அடைப்புக்குறிக்குள் தருவேன், வழங்கியைப் பராமரிக்கும் பொறுப்பு மேக நிறுவனத்தினுடையது என்று ஒரு வரியும் சேர்ப்பேன். மாணவி கேட்ட கேள்வியை அப்படியே பாடத்தின் முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் பாடத்தில் கோல்ட் ஸ்டார்ட் வருகிறது. வெகுநேரம் அழைப்பு இல்லாமல் இருந்த நிரல், அடுத்த அழைப்புக்கு எழுந்து வரத் தாமதமாவது. 'குளிர்த்தொடக்கம்' எனக்கே பிடிக்கவில்லை. வியாழன் மாலைவரை நேரமிருக்கிறது.

* * *

அம்மா, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கம்பியில்லாத் தந்தியில் கம்பி உண்மையாகவே இல்லை.

குளிர்த்தொடக்கம் வேண்டாம். துயிலெழு தாமதம் என்று பாருங்கள்.