அவசரம்: ஏர்லாக்கில் ஒரு குமிழி கூட இல்லை. ஈஸ்ட் செத்துவிட்டதா?

முதல்வாளி | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். முதல் தடவையாக பியர் காய்ச்சும் கிட் வாங்கி வீட்டிலேயே போட்டிருக்கிறேன். எல்லாம் தாளில் சொன்னபடிதான் செய்தேன். ஆனால் வாளி மூடியில் வாயு வெளியேறுவதற்காகச் செருகிய, தண்ணீர் ஊற்றிய ஏர்லாக்கில் குமிழியே வரவில்லை. ஈஸ்ட் செத்துவிட்டது போலிருக்கிறது. இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடலாமா, இல்லை மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதானா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

நுரைதள்ளி | 9.20

கொட்டாதீர்கள்! ஈஸ்ட் போட்டு எத்தனை மணி நேரம் ஆகிறது? வாளி வைத்திருக்கும் அறையில் என்ன வெப்பநிலை? மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

அரைப்பாட்டில் | 9.24

என்ன கிட் என்றும் சொல்லுங்கள். 1.7 கிலோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் பாகு) டின்னா? எத்தனை லிட்டருக்குக் கலக்கினீர்கள்? லாகர் என்று டின்னில் போட்டிருந்தால் ஈஸ்ட் பாக்கெட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெயர் லாகராக இருந்தாலும் உள்ளே பல நேரம் வெதுவெதுப்பில் நொதிக்கிற ஏல் ஈஸ்ட்தான் இருக்கும். நிஜமான லாகர் ஈஸ்ட் என்றால் அதற்கு 10 முதல் 13 டிகிரி குளிர்ச்சி வேண்டும், கதையே வேறு.

தண்ணீர்ப்பைத்தியம் | 9.31

குழாய்த் தண்ணீரா? அப்படியென்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, கிருமி கொல்லத் தண்ணீரில் கலக்கிற குளோரமைன்தான். குளோரினாவது கொதிக்க வைத்தால் போய்விடும், ஒரு ராத்திரி திறந்து வைத்தாலும் பெரும்பாலும் போய்விடும். குளோரமைன் லேசில் போகாது. அதை நீக்குகிற கேம்ப்டன் மாத்திரை பாதி போட்டிருந்தால் 23 லிட்டருக்குத் தாராளம்.

ஹாப்ஸ்கொடி | 9.35

வந்துவிட்டார் :) அண்ணே, குழாய்த் தண்ணீரில் இருக்கிற அளவு குளோரமைன் ஈஸ்ட்டைக் கொல்லாது. மால்ட்டில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து மருந்து வாடையடிக்கிற குளோரோஃபீனால் ஆகும், ருசி கெடும். அது குடிக்கும்போது வருகிற கவலை. இவருடைய கவலை குமிழி.

பழைய_பீப்பாய் | 9.48

இதே கேள்வி, இதே தலைப்பு, இதே பதற்றம். தேடு பெட்டி என்று ஒன்று மேலே இருப்பது புதிதாக வருகிறவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை. ஏர்லாக் என்பது வாயு வெளியே போவதற்கான வழி. அது அளவுகோல் இல்லை. திரவத்தின் அடர்த்தியை அளக்க ஹைட்ரோமீட்டர் என்று ஒரு கருவி கண்டுபிடித்து எத்தனையோ காலம் ஆகிறது. தண்ணீர் 1.000, சர்க்கரை இருந்தால் எண் கூடும், ஈஸ்ட் தின்னத் தின்ன இறங்கும். அதில்லாமல் பியர் போட இறங்குவதே தவறு. முதலில் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

ஹாப்ஸ்கொடி | 9.52

விஷயம் சரிதான் சார். அதை வள்ளென்று விழாமலும் சொல்லலாம்.

முதல்வாளி | 10.05

மன்னிக்கவும், எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டது. 1.7 கிலோ டின், 23 லிட்டர், 1 கிலோ வெள்ளைச் சர்க்கரை. ஈஸ்ட் மூடிக்கு அடியில் இருந்த பாக்கெட்தான், மேலே தூவினேன். ஏல் என்றுதான் எழுதியிருக்கிறது. அறை 27 டிகிரி. ஹைட்ரோமீட்டர் இருக்கிறது சார், கிட்டிலேயே வந்தது. ஆரம்பத்தில் 1.024 காட்டியது. தாளில் 1.038 வரும் என்று போட்டிருந்தது, அதனால் அதுவே கோளாறு என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன். மூடியைத் திறக்கவில்லை, கிருமி உள்ளே போய்விடும் என்று பயம்.

அரைப்பாட்டில் | 10.09

வெள்ளைச் சர்க்கரையா! அங்கேதான் தப்பு. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் பொடி) போட்டிருக்க வேண்டும். ஈஸ்ட் வெள்ளைச் சர்க்கரையை உடைக்கத் திணறும், கடைசியில் சைடர் மாதிரிப் புளித்த ஆப்பிள் வாடை வரும்.

நுரைதள்ளி | 10.21

சர்க்கரையைப் பிறகு பார்ப்போம். அந்த 1.024-ஐப் பிடியுங்கள். 1.7 கிலோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட், 1 கிலோ சர்க்கரை, 23 லிட்டர். எப்படிக் கணக்குப் போட்டாலும் 1.038-க்குப் பக்கத்தில்தான் வரும். எக்ஸ்ட்ராக்ட்டில் உள்ள சர்க்கரை எங்கேயும் ஓடிப்போக முடியாது. ஆகவே ஹைட்ரோமீட்டர் சரி, கிட்டும் சரி, நீங்கள் எடுத்த மாதிரிதான் சரியில்லை. வாளியின் அடியிலுள்ள குழாயில் பிடித்தீர்களா, மேலிருந்து மொண்டீர்களா?

முதல்வாளி | 10.24

மேலிருந்து கரண்டியால் மொண்டேன்.

நுரைதள்ளி | 10.33

அதேதான். வெந்நீரில் கரைத்த மால்ட் கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றி லேசாகக் கிளறினால் மேல்பாதி நீர்த்துத்தான் இருக்கும், அதைத்தான் நீங்கள் அளந்தீர்கள். குழாயில் பிடித்திருந்தால் 1.050 கூடக் காட்டியிருக்கும், அப்போது வேறு மாதிரி பயந்திருப்பீர்கள். கவலை வேண்டாம். ஈஸ்ட் வேலை தொடங்கியதும் எழும்புகிற வாயு மொத்தத்தையும் கலக்கிவிடும். தொடக்கம் 1.038 என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு காரியம். மூடியின் நடுவில் விரலால் மெதுவாக அழுத்துங்கள். ஏர்லாக்கில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும். அழுத்தியபடியே வைத்திருக்கும்போது அது ஏறிய இடத்தில் நிற்கிறதா, மெல்ல இறங்கிவிடுகிறதா என்று பாருங்கள். இறங்கினால் மூடி விளிம்பிலோ ஏர்லாக் செருகிய ரப்பர் ஓட்டையிலோ கசிவு. அப்புறம், வாளி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்றால் வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். திரவம் நிற்கிற மட்டத்துக்கு மேலே நுரை பொங்கி இறங்கிய தடமாகப் பழுப்பாக ஒட்டிக்கொண்டு ஒரு வளையம் இருக்கிறதா?

இரவுப்பணி | 10.40

27 டிகிரியில் வெள்ளிக்கிழமை போட்டது என்றால் இந்நேரம் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். 18 முதல் 22 வரை இருந்தால்தான் ஏல் நிதானமாக நொதிக்கும். 25-க்கு மேல் போனால் பழ வாடை கூடும், இன்னும் ஏறினால் ஃப்யூசல் ஆல்கஹால் வந்து காரமாகத் தொண்டையில் இறங்கும், மறுநாள் தலையும் வலிக்கும் என்பார்கள். வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றிரண்டைப் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். வழியில்லையென்றால் ஈரத்துணி சுற்றி மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள், சில டிகிரி இறங்கும்.

பழைய_பீப்பாய் | 10.44

ஹைட்ரோமீட்டர் கையில் இருந்தும் ஓரமாக வைத்தார் என்பதைப் படிக்கும்போது எனக்கு ஃப்யூசல் இல்லாமலே தலை வலிக்கிறது.

ஹாப்ஸ்கொடி | 10.51

:) அரைப்பாட்டில், நீங்கள் சொன்ன சர்க்கரை விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஈஸ்ட் திணறாது. சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி அதனிடமே இருக்கிறது. உடைத்து விழுங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஆப்பிள் வாடைக்குப் பேர் அசிடால்டிஹைட், அவசரப்பட்டு எடுத்த இளம் பியரில் வருவது. பழைய டின், சூடான அறை, போதாத ஈஸ்ட், இவை செய்கிற பழியெல்லாம் சர்க்கரை தலையில் விழுகிறது.

அரைப்பாட்டில் | 10.58

புத்தகத்துக்கு நல்லாத்தான் இருக்கும். நானே இரண்டும் போட்டுக் குடித்துப் பார்த்தவன். டெக்ஸ்ட்ரோஸ் தெளிவாக நல்லது. ஜெர்மன்காரர்கள் 1516-இலேயே பார்லி, ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ), தண்ணீர் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது சும்மாவா?

ஹாப்ஸ்கொடி | 11.04

அது பவாரியாவின் சட்டம். அதன்படி பார்த்தால் உங்கள் டெக்ஸ்ட்ரோஸும் குற்றம்தானே! ஈஸ்ட்டைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை கிடையாது, அதையும் போடாமல் விட்டுவிடலாமா? ஜெர்மனியிலேயே பிற்காலத்தில் மேல்நொதிப்பு (ஏல் வகை) பியருக்குச் சர்க்கரை சேர்க்க அனுமதி வந்தது, பவாரியாதான் ஒத்துக்கொள்ளவில்லை. பெல்ஜியத்தில் டிரிப்பெல் என்று ஊருலகமே கொண்டாடுகிற பியரில் சர்க்கரை தாராளமாகப் போகிறது. பியரின் உடம்பு, அதாவது வாயில் உணரும் கனம், லேசாக, ஆல்கஹால் கூடுதலாக வேண்டும் என்பதற்காகவே போடுகிறார்கள். கிட் பியரில் 1 கிலோ சர்க்கரை போட்டால் ருசி மெலிந்து போகும் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பாதிக்கு உலர் மால்ட் பவுடர் போட்டால் நுரையும் நிற்கும், உடம்பும் வரும். டெக்ஸ்ட்ரோஸ் போட்டாலும் அதே மெலிவுதான்.

தண்ணீர்ப்பைத்தியம் | 11.10

இரண்டு பியரிலும் தண்ணீர்தான் 90 சதவீதத்துக்கு மேல் என்பதை யாரும் பேச மாட்டீர்கள்.

முதல்வாளி | திங்கள், இரவு 8.47

அழுத்திப் பார்த்தேன், தண்ணீர் நிற்கவில்லை, உடனே இறங்கிவிட்டது. வளையமும் இருக்கிறது, இரண்டு விரல் உயரத்துக்குக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அதை அழுக்கு என்று நினைத்தேன். குழாயில் பிடித்து அளந்தேன், 1.016. சோதித்த பியரைத் திரும்ப வாளியில் ஊற்றலாமா?

நுரைதள்ளி | 9.02

ஊற்றவே கூடாது. குடியுங்கள், அல்லது கொட்டுங்கள். 1.038-இலிருந்து 1.016 வந்திருக்கிறது என்றால் உங்கள் ஈஸ்ட் உங்களை விட நிம்மதியாக இருக்கிறது. வாயு மூடி விளிம்பு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மூடியின் ரப்பர் வளையம் நேராக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். நொதிக்கும்போது வாயு உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் இந்தக் கசிவால் பெரிய ஆபத்தில்லை. நொதித்து முடிந்த பிறகுதான் காற்று உள்ளே வரும் கவலை, அதற்குள் சரிசெய்தால் போதும்.

அடுத்த முறை அளக்கும்போது குழாயில் முதலில் வருகிற கலங்கலைத் தனியாகப் பிடித்துக் கொட்டிவிடுங்கள். ஹைட்ரோமீட்டரைக் குழலுக்குள் ஒரு சுழற்று சுழற்றி விடுங்கள், உடம்பில் ஒட்டுகிற சின்னக் குமிழிகள் அதைத் தூக்கிக் காட்டும். உங்களுடையது 20 டிகிரிக்கு அளவிட்டதாக இருந்தால், 27-இல் படித்ததோடு 0.001 அல்லது 0.002 கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய_பீப்பாய் | 9.15

இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடச் சொல்லி நேற்று யாரும் கிளம்பாதது இந்த இழையின் பெரிய அதிசயம். கிட் தாளில் 6 நாளில் பாட்டிலில் அடைக்கலாம் என்றெல்லாம் போட்டிருப்பான், அதை நம்பாதீர்கள். நாள் கணக்கு பார்த்து அடைக்கக் கூடாது, எண்ணைப் பார்த்துத்தான் அடைக்க வேண்டும்.

முதல்வாளி | புதன், இரவு 9.30

ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. நேராக்கியதும் குமிழி வந்தது, ஆனால் எப்போதாவது ஒன்றுதான். இன்று 1.012. விடுமுறைக்கு வெளியே போகிறேன், நாளை ராத்திரி பாட்டிலில் அடைத்துவிடலாம் அல்லவா?

நுரைதள்ளி | 9.38

வேண்டாம்!! இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண் இரண்டு தடவை வர வேண்டும். 1.012 முடிவாக இருக்கலாம், 1.008 வரைக்கும் இறங்கவும் செய்யலாம். சர்க்கரை அதிகமுள்ள கிட் என்பதால் இறங்கவே வாய்ப்பு அதிகம். கணக்கைப் பாருங்கள்: 23 லிட்டருக்கு 140 கிராம் சர்க்கரை, அதாவது லிட்டருக்கு 6 கிராம், வாயு பிடிப்பதற்காகப் பாட்டிலில் போடுவது வழக்கம். 1.012-இல் அடைத்து உள்ளேயே 1.008 வரை இறங்கினால், அந்தச் சர்க்கரை கொடுக்கிற வாயுவை விட அதிகமான வாயு அதன்மேல் ஏறும். கண்ணாடி பாட்டில் தாங்காது. வெடித்தால் சில்லு சுவரில் குத்தி நிற்கும், கைகால் கண் எதுவும் பார்க்காது.

இரவுப்பணி | 9.44

ஊருக்குப் போகிறீர்கள் என்றால் நல்லதாகப் போச்சு. அப்படியே வாளியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஒரு வாரம் பத்து நாள் கூடுதலாகக் கிடந்தால் எதுவும் கெடாது, அடியில் கலங்கல் நன்றாகப் படியும், அந்த ஆப்பிள் வாடையையும் ஈஸ்ட்டே தின்று தீர்க்கும். ஏர்லாக்கில் தண்ணீர் வற்றாமல் நிரப்பிவிட்டு, குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அரைப்பாட்டில் | 9.50

பாட்டிலில் போடும்போதாவது டெக்ஸ்ட்ரோஸ் வாங்குங்கள்.

ஹாப்ஸ்கொடி | 9.53

லிட்டருக்கு 6 கிராமில் யாராவது நாக்கால் வித்தியாசம் கண்டுபிடித்தால் நான் காய்ச்சுவதையே விட்டுவிடுகிறேன். தம்பி, வீட்டில் இருக்கிற சர்க்கரையையே போடுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் என்றால் எடை கொஞ்சம் கூட வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. பாட்டில் பாட்டிலாகக் கரண்டியில் அளக்காமல் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து, சுத்தம் செய்த இன்னொரு வாளியில் ஊற்றி, அதன்மேல் பியரைச் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். ஒன்றே ஒன்றைக் கெட்டியான பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடையுங்கள். அது கல் மாதிரி இறுகிவிட்டால் மற்றவற்றிலும் வாயு பிடித்துவிட்டது என்று அர்த்தம், திறந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை.

முதல்வாளி | 10.11

சரி, விட்டுவிட்டுப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

நுரைதள்ளி | மறுவாரம் சனி, காலை 7.55

முதல்வாளி, திரும்பி வந்தாயிற்றா? கடைசி எண் என்ன?

தண்ணீர்ப்பைத்தியம் | செவ்வாய், இரவு 11.20

ருசி எப்படி என்றும் சொல்லுங்கள். மருந்து வாடை அடித்தால் நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

நுரைதள்ளி | வெள்ளி, இரவு 8.03

?

அரைப்பாட்டில் | 8.30

ஆளைக் காணோம். 1516 பற்றி ஹாப்ஸ்கொடி சொன்னதைத் தேடிப் பார்த்தேன், பவாரியா விஷயம் சரிதான். சர்க்கரையில் மட்டும் என் கருத்தில் மாற்றமில்லை.