போட்டோவில் கருப்புப் புள்ளி, லென்ஸ் துடைத்தும் போகவில்லை, அவசரம்

உப்புக்காற்று:
வணக்கம். கேமராவில் எது எடுத்தாலும் கருப்பாகப் புள்ளி விழுகிறது. லென்ஸைத் துடைத்துப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் வளைகாப்பு, நான்தான் எடுக்க வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

நிழல்வெளி:
என்ன கேமரா? லென்ஸ் கழற்றுகிற வகையா? புள்ளி எப்போதும் ஒரே இடத்திலா?

ஈரமண்:
ஃபங்கஸ்தான், லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கும், சந்தேகமே வேண்டாம். மழைக்காலம் முழுக்கப் பையிலேயே மூடி வைத்திருப்பீர்கள். என் 50 எம்எம் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிட்டது.

பிலிம்ரோல்:
தம்பி, விவரமே இல்லாமல் கேட்டால் யார் என்ன சொல்வது? இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதுவது? லென்ஸின் முன்கண்ணாடித் தூசி இப்படிப் புள்ளியாக விழாது, ஃபங்கஸ் படத்தை மங்கலாக்கும், இதெல்லாம் பாலபாடம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடு. அப்புறம் துளையைப் பெரிதாக்கி எஃப்/4. முதல் படத்தில் பளிச்சென்றும் இரண்டாவதில் கரைந்தும் தெரிந்தால் சென்சார் தூசி, அதாவது லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதிகிற தகட்டின் மேல் உள்ள தூசி.

உப்புக்காற்று:
லென்ஸ் கழற்றுகிற டிஎஸ்எல்ஆர், 18-55 எம்எம் லென்ஸ். எஃப்/4இல் புள்ளி தெரியவில்லை, 16இல் மூன்று, எல்லாம் மேலே இடது மூலையில். போன வாரம் பீச்சில் லென்ஸ் மாற்றினேன், அதனால் இருக்குமா?

நிழல்வெளி:
அதேதான். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போடுங்கள், நடுவில் தீர்ந்தால் சென்சாருக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி கீழே விழுந்துவிடும். லென்ஸைக் கழற்றிவிட்டு மெனுவில் சென்சார் கிளீனிங்கில் மேனுவல் கொடுத்தால் கண்ணாடி மேலே போய் நிற்கும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, கீழேயிருந்து ரப்பர் ப்ளோயரை (காற்று ஊதும் ரப்பர் பந்து) நாலைந்து முறை அழுத்துங்கள், அதன் மூக்கு உள்ளே போகக் கூடாது. படத்தில் மேலே இடது என்றால், கேமராவை நேராக நிறுத்தி முன்பக்கமிருந்து பார்க்கும்போது சென்சாரில் கீழே இடது. தயவுசெய்து வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் கறை படிந்துவிடும்.

ஈரமண்:
எதற்கும் முடிந்ததும் அரிசி டப்பாவில் போட்டு வையுங்கள், ஈரத்தை இழுக்கும்.

பிலிம்ரோல்:
அரிசியா! தூசியால் வந்த பிரச்சினைக்கு அரிசி மாவா? ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளைப் போடுங்கள்.

ஈரமண்:
துணியில் சுற்றித்தான் வைக்கிறேன். சிலிகா ஜெல்லும் ஈரம் குடித்தபின் சும்மாதான் கிடக்கும்.

நிழல்வெளி:
நீல மணி இளஞ்சிவப்பானால் வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். காற்றுப் புகாத டப்பா முக்கியம், அது இல்லாமல் எதைப் போட்டும் பயனில்லை.

பிலிம்ரோல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

உப்புக்காற்று:
இரண்டு புள்ளி போய்விட்டது, ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளைகாப்பு முழுக்க எஃப்/5.6இலேயே எடுத்தேன், தெரியவில்லை. நன்றி அண்ணா.

ஈரமண்:
அந்த ஒன்றுக்கு வேறு லென்ஸ் மாட்டி எஃப்/16இலேயே எடுத்துப் பாருங்கள். புள்ளி வராவிட்டால் லென்ஸுக்குள்தான் இருக்கிறது.