ரை சேர்த்ததும் எச்சம் பசையாக ஒட்டுகிறது, என்சைம் போட்டும் ஏன்?

கேள்வி:
மக்காச்சோளத்தைக் குறைத்துவிட்டு பிராய்லர் தீவனத்தில் 15 சதவீதம் ரை சேர்த்தேன். (கம்பு இல்லைங்க, இது கோதுமைக்குப் பங்காளி.) முதல் நாளிலிருந்தே கொடுத்தேன். இரண்டாவது வாரத்தில் குஞ்சுகளின் பின்பக்கம் எல்லாம் எச்சம் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது, ஆழ்கூளம் (கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம்) நசநசவென்று ஈரமாகி மேலே அடை கட்டுகிறது, எடையும் ஏறவில்லை. என்சைமும் போட்டுத்தான் இருக்கிறேன், பாக்கெட்டில் பைட்டேஸ் என்று இருக்கிறது. ரையே ஆகாதா?

பதில் 1:
பைட்டேஸ் பாஸ்பரஸை விடுவிக்க, இந்தப் பசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு வேண்டியது சைலனேஸ் என்கிற வேறொரு என்சைம். ரையில் அரபினோசைலான் என்கிற நார்ப்பொருள் இருக்கிறது, அதில் தண்ணீரில் கரையும் பகுதி கோதுமையைவிட அதிகம், பசைக்குக் காரணம் அதுதான். ஒரு பிடி ரை மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்து விரல் விட்டுப் பாருங்கள், வழவழவென்று நூல் மாதிரி இழுக்கும். குடலுக்குள்ளும் அதே கதைதான். செரிமான நீர் தீவனத்தோடு சரியாகக் கலக்காது. முதலில் அடிவாங்குவது கொழுப்பு, கூடவே ஏ, டி, ஈ வைட்டமின்கள். சைலனேஸ் அரபினோசைலானின் நீளச் சங்கிலியை நடுநடுவே வெட்டிவிடும், முழுசாகச் சர்க்கரை ஆக்க வேண்டியதில்லை, துண்டானாலே பசை இளகிவிடும்.

பதில் 2:
பெல்லட்டா (அழுத்திச் செய்த குச்சித் தீவனம்), மாவுத் தீவனமா? பெல்லட் போடும்போது சூடு 85 டிகிரியைத் தாண்டினால் சாதாரண என்சைம் பெரும்பாலும் செத்துவிடும். சூடு தாங்குகிற ரகம் வாங்குங்கள், இல்லையென்றால் பெல்லட் ஆறிய பிறகு திரவமாகத் தெளிக்க வேண்டும்.

பதில் 3:
என்சைம் சரி, ஆனால் முதல் நாளிலிருந்தே ரை கொடுத்ததுதான் பெரிய தப்பு என்பேன். பசை சின்னக் குஞ்சைத்தான் அதிகம் படுத்தும், வளர்ந்த கோழி ஓரளவு சமாளிக்கும். ஸ்டார்ட்டரில் (குஞ்சுகளுக்கான ஆரம்பத் தீவனம்) ரையே வேண்டாம், அப்புறம் 5 சதவீதத்தில் ஆரம்பித்து எச்சத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றுங்கள். மாட்டுக் கொழுப்பு சேர்க்கிறீர்கள் என்றால் தாவர எண்ணெய்க்கு மாறுங்கள், ரையோடு மாட்டுக் கொழுப்பு இன்னும் மோசமாகத்தான் செரிக்கும். இன்னொன்று, குடலில் செரிக்காமல் தேங்குவது கிளாஸ்ட்ரிடியம் கிருமிக்கு விருந்து. கோழி சோர்ந்து உட்கார்ந்தாலோ சாவு கூடினாலோ என்சைமை நம்பி உட்காராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தானியத்தில் கருப்பாக, எலிப்புழுக்கை மாதிரி எர்காட் என்கிற பூஞ்சைக் கட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த நஞ்சுக்குச் சைலனேஸ் ஒன்றும் செய்யாது.

கேள்வி கேட்டவர்:
மாவுத் தீவனம்தான், அதனால் சூட்டுப் பிரச்சினை இல்லை. குஞ்சுகளுக்கு ரையை இன்றே நிறுத்திவிட்டேன், மேலே அடை கட்டிய கூளத்தையும் அள்ளிப் போட்டாயிற்று. மூட்டையைக் கொட்டிப் பார்த்தால் கருப்பாக நாலைந்து கிடக்கிறது, சலித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.