ஆர்க்கிட்டுக்குக் கழனித்தண்ணி: இந்தக் கூத்து எப்ப முடியும்?

வேர்வேந்தன்: பக்கத்து இழையில் மாடிமணி எழுதினது: "டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டுக்குக் காசு குடுத்து உரம் வாங்காதீங்க. அரிசி களைஞ்ச தண்ணியை 3 நாள் புளிக்க வெச்சு ஊத்துங்க, கொத்துக் கொத்தா பூக்கும்." படிச்சிட்டு சும்மா போக முடியலை. இது மண்ணுல நிக்கிற ரோஜா இல்லை. அடுப்புக்கரியிலும் ஓட்டுச் சில்லுலயும் வேர் ஓடுற செடி. வேரைச் சுத்தி வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கிற வெலாமென்ங்கிற உறை, கரைஞ்ச உப்பைத்தான் இழுக்கும். மாவு கரையாது, மேலே படிஞ்சு வழுவழுன்னு ஆகும். அப்புறம் பூஞ்சை, எறும்பு, கொசு மாதிரி சின்ன ஈ, கடைசியில் வேர் அழுகல்.

மாடிமணி: புளிக்க வெச்ச பிறகு மாவு ஏது சார்? பாக்டீரியா தின்னுடும். மேல்தெளிவை மட்டும் எடுத்து, 1 பங்குக்கு 10 பங்கு தண்ணி சேர்க்கணும்னு எழுதியிருந்தேனே. அந்த வரி கண்ணுல படலையா?

வேர்வேந்தன்: பட்டுது. 3 நாள்ல புளிப்பு வரும், மாவு முழுசா போகாது. உங்க மேல்தெளிவில் ஒரு ஸ்பூன் எடுத்து, அயோடின் மருந்து பெட்டாடின் ஒரு சொட்டு விடுங்க. கருநீலமா மாறினா மாவு இருக்கு. அவ்வளவுதான் சோதனை.

கோவை_வாண்டா: உரம்னு எதைச் சொல்றீங்க? ஊட்டமா, நுண்ணுயிர்க் கரைசலா? அதை முதல்ல பேசிட்டு...

மாடிமணி: எங்க பாட்டி காலத்துல பெட்டாடினும் இல்லை, தழை, மணி, சாம்பல் சத்து சமமா இருக்கிற 19:19:19 கடை உரமும் இல்லை. செடி பூக்கலையா?

வேர்வேந்தன்: பாட்டி முருங்கைக்கு ஊத்தினாங்க. மண்ணுல புரதம் சிதைஞ்சு அமோனியமா மாற அவகாசம் இருக்கு. கரித்தொட்டியில் ஊத்தின தண்ணி அரை நிமிஷத்தில் கீழே வடிஞ்சுடும், மிஞ்சுறது பிசின்தான். பெட்டாடின் விட்டீங்களா?

செல்வி_தோட்டம்: சண்டை போதும். முட்டை ஓட்டைத் தண்ணியில ஊற வெச்சு ஊத்துங்க, சுண்ணாம்புச்சத்து கிடைக்கும்.

வேர்வேந்தன்: மேடம், முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். வெறும் தண்ணியில் ஒரு வாரம் ஊறினாலும் ஓடு ஓடாத்தான் இருக்கும். வினிகரில் போட்டா நுரைச்சுக் கரையும். அந்தப் புளிப்பை நல்லா நீர்க்காம ஊத்தினா வேர் நுனி கருகும். போர் தண்ணி ஊத்துறவங்களுக்கு இது தேவையும் இல்லை. இலையில வெள்ளைத் திட்டு படியுதே, அதுலயே சுண்ணாம்பு இருக்கு.

செல்வி_தோட்டம்: யார் என்ன சொன்னாலும் மறுக்கணும்னு நேர்த்திக்கடனா சார்?

யாழ்_பூந்தோட்டம்: ஏன் சண்டை பிடிக்கிறியள்? வாழைப்பழத்தோல் தண்ணி விடலாமோ?

வேர்வேந்தன்: பொட்டாசியம் கொஞ்சம் இறங்கும், தழைச்சத்து பேருக்குத்தான். சர்க்கரையும் சேர்ந்து வர்றதால எறும்பு வரும். இனி இதையே யாரும் கேக்காதபடி மொத்தமா சொல்லிடறேன். 19:19:19, லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை. முதல்ல வெறும் தண்ணி விட்டு வேர் பச்சையானதும் தெளிக்கணும். காஞ்ச வேரில் உரம் பட்டா நுனி கருகும். காலையில தெளிங்க, இலை இடுக்குல ஈரம் ராத்திரி வரைக்கும் நிக்கக் கூடாது. மாசம் ஒரு தடவை வெறும் தண்ணியால தொட்டியை அலசி உப்பை இறக்கணும். எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், லிட்டருக்கு 1 கிராம், மாசம் ஒரு முறை, தனியா. கால்சியம் நைட்ரேட் உரத்தோட கெட்டியா கலந்தா ஜிப்சமா அடியில் படியும். தேங்காய் மட்டை போடுறவங்க பல தடவை ஊற வெச்சு அலசிட்டுப் போடுங்க, அதுலயும் உப்பு இருக்கு.

மாடிமணி: ஆக ரசாயனம்தான். கடையில பங்கு வெச்சிருக்கீங்களா?

வேர்வேந்தன்: எப்சமும் ரசாயனம், உங்க கழனித்தண்ணியும் ரசாயனம். கடலைப் புண்ணாக்கு இழையிலும் இப்படித்தான் பேச்சை மாத்திட்டுப் பாதியில ஓடினீங்க.

மாடிமணி: ஓடலை. உங்க கூடப் பேசி அலுத்துப் போச்சு.

கோவை_வாண்டா: வாண்டா ஆர்க்கிட்டுக்குத் தொட்டியே இல்லை, வெறும் வேர். அதுக்கு அளவு மாறுமா?

மாடிமணி: பெட்டாடின் புண்ணுக்குப் போடுறது, செடிக்கு இல்லை.

வேர்வேந்தன்: செடிக்கு யார் போடச் சொன்னா? ஸ்பூன்ல விடச் சொன்னேன்!

செல்வி_தோட்டம்: வினிகர் எத்தனை மில்லின்னு சொல்லவே இல்லையே, எல்லாம் தெரிஞ்சவர்?