தோல் சீவும் கத்திக்கு எந்த எஃகு?

கேள்வி (பேரணாம்பட்டு):
எங்கள் பட்டறையில் அப்பா காலத்திலிருந்தே லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் அரிவாளும் கொடுவாளும் அடித்து வருகிறோம். இப்போது ஆம்பூரில் செருப்பு வேலை செய்பவர்கள், தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவுவதற்கு இருபது கத்திகள் கேட்டிருக்கிறார்கள். பட்டையில் செய்து கொடுத்த மாதிரிக் கத்தி அரை நாளில் மழுங்கிவிட்டது. ஆகவே பலரும் புகழ்கிற டி2 என்னும் கருவி எஃகில் ஒரு துண்டு வாங்கி, வழக்கம்போலக் கரி உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தேன். ஆறியபின் அரம் போட்டுப் பார்த்தால், பச்சை இரும்பில் கடிப்பதுபோலக் கடிக்கிறது. எஃகு போலியா, என் தோய்ச்சல் தவறா?

பதில் 1 (ராணிப்பேட்டை, டூல் ரூம் வேலை):
எஃகு நல்லதாகவே இருக்கலாம். உங்கள் உலையின் சூடுதான் அதற்குப் போதவில்லை. டி2-வில் ஏறத்தாழ 1.5 சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் இருக்கின்றன. அந்தக் கார்பனின் பெரும்பகுதி குரோமியத்தோடு சேர்ந்து கெட்டியான மணிகளாக உறைந்திருப்பதால், 1000 டிகிரியைத் தாண்டிச் சில நிமிடங்கள் நிறுத்திவைத்தால்தான் போதுமான அளவு கரைந்து எஃகுக்குக் கடினம் தரும். கரி உலையில் கண்ணால் நிறம் பார்த்து அந்தச் சூட்டைச் சீராகப் பிடிப்பது மிகக் கடினம். டி2-தான் வேண்டுமென்றால் வெளியே வேக்யூம் (காற்று நீக்கிய) உலையில் கொடுத்துச் செய்யுங்கள்.

உங்கள் பட்டறைக்கு நான் சொல்வது ஓஎச்என்எஸ் (OHNS), அதாவது எண்ணெயில் தோய்த்து இறுக்கும், அதிகம் சுருங்காத கருவி எஃகு. கார்பன் சுமார் 0.9 சதவீதம், கொஞ்சம் மாங்கனீசு, குரோமியம், டங்ஸ்டன். 800 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே எண்ணெயில் இறுகிவிடும். தட்டையான பட்டையாகவே கிடைப்பதால் உருண்டைக் கம்பியை அடித்துத் தட்டையாக்கும் வேலையும் மிச்சம். காய்ச்சும்போது பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். 770 டிகிரி வாக்கில் எஃகு காந்தத்தில் ஒட்டாது. அதற்குமேல் இன்னும் ஒரு சாயல் வெளிறியதும், சில நிமிடங்கள் அதே சூட்டில் வைத்துத் தோய்க்க வேண்டும். எண்ணெய் 50 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கட்டும். சரியாகத் தோய்ந்திருந்தால் அரம் கடிக்காமல், கண்ணாடியில் உரசியதுபோல வழுக்கும்.

ஸ்பிரிங் பட்டையைக் குறை சொல்ல மாட்டேன். கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம்தான் என்பதால் மரம் வெட்டும் அதிர்ச்சியைத் தாங்குகிறது. ஆனால் சீவும் கத்தியின் மெல்லிய வாய்க்கு அந்தக் கார்பன் போதாது.

பதில் 2 (வாணியம்பாடி, தோல் வேலை):
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆவாரம் பட்டையிலோ கடுக்காயிலோ பதப்படுத்திய தோலை ஈரத்தோடு சீவினால், கத்தியின் இரும்பு பட்ட இடமெல்லாம் கறுப்பாகக் கறை ஏறும். ஓஎச்என்எஸ் கத்தியிலும் இது நடக்கும். வாங்குகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் தடவச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தோய்த்த பிறகு, நொறுங்காமல் இருக்க, எவ்வளவு சூட்டில் காய்ச்சிக் கடினத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும்?

பதில் 1:
தோய்த்தது கைச்சூட்டுக்கு ஆறியதும் தாமதிக்காமல் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடியும் இரண்டு மணி நேரம். வீட்டு மின்சார அடுப்புப்பெட்டி போதும். உள்ளே ஒரு வெப்பமானி வைத்துச் சரிபாருங்கள். முன்பே ஒரு பக்கத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தால், அங்கே வெளிர் வைக்கோல் நிறம் தெரியும். நீலம் படர்ந்துவிட்டால் சூடு மிஞ்சிவிட்டது. அந்தக் கத்தியை மீண்டும் காய்ச்சித் தோய்க்க வேண்டியதுதான்.