கேனான் 200டி மார்க் 2-இல் மேனுவல் ஃபிளாஷ் அடிக்கவே மாட்டேன் என்கிறது. உதவுங்கள்

தறிவீடு (குடியாத்தம்):

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் கேனான் 200டி மார்க் 2 இருக்கிறது. கூடவே வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 50 எம்எம். கேனான் பெயர் போட்ட ஃபிளாஷ் நமக்குக் கட்டுப்படியாகாது என்று கோடாக்ஸ் டிடி600 வாங்கினேன். டிடிஎல் (கேமராவே வெளிச்சத்தை அளந்து ஃபிளாஷ் பவரை வைப்பது) கிடையாது, பவரை நாமே கூட்டிக் குறைக்க வேண்டும் என்பது தெரியும். அதில் வருத்தமில்லை.

சிக்கல் என்னவென்றால், பின்னால் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் பளீரென்று அடிக்கிறது. கேமரா தலையில் மாட்டி ஷட்டரை அமுக்கினால் படம் மட்டும் விழுகிறது, ஃபிளாஷ் அசைய மாட்டேன் என்கிறது. செல் நான்கும் புதுசு. எம் மோடு, ஷட்டர் 1/125. வாங்கிய கடையில் கேட்டால் கேமராவில் கோளாறு என்கிறார்கள். கேமரா ரிப்பேர் பார்ப்பவர் ஃபிளாஷில் கோளாறு என்கிறார். நடுவில் நான் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

வைகாசியில் அக்கா பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த கையோடு வைத்திருக்கிறார்கள். மண்டபம் கிடைக்கவில்லை, தெருவிலேயே ஷாமியானா. போட்டோ நான்தான் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:

முதலில் சின்ன விஷயங்களைப் பாருங்க. ஃபிளாஷ் கால் கடைசி வரை உள்ளே போயிருக்கிறதா? பாதியில் நின்றால் தொடாது. திருகை இறுக்கினீர்களா? லைவ் வியூவில், அதாவது திரையைப் பார்த்து எடுக்கிறீர்களா? கேனானில் அந்த நேரத்தில் வேறு கம்பெனி ஃபிளாஷ் சில சமயம் அடிக்காது. கண்ணை வைத்து எடுத்துப் பாருங்க. அப்புறம் ஃபிளாஷ் காலில் இருக்கும் பின்னை பென்சில் ரப்பரால் ஒரு தேய் தேய்த்துவிடுங்க.

தறிவீடு:

எல்லாம் செய்தாயிற்று அண்ணா, ரப்பர் உட்பட. கண்ணை வைத்து எடுத்தாலும் அதே கதைதான். இன்னொரு விஷயம், இதே ஃபிளாஷை நண்பனுடைய நிகான் டி5600-இல் மாட்டினால் ஒவ்வொரு முறையும் சரியாக அடிக்கிறது. அப்போ என் கேமராதான் போச்சா?

கோட்டைமதில் (வேலூர்):

கேமராவும் போகவில்லை, ஃபிளாஷும் போகவில்லை தம்பி. ஃபிளாஷைக் கழற்றிவிட்டு ஹாட் ஷூவை, அதாவது கேமராத் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தை, வெயிலில் காட்டிப் பாருங்கள். நடுவில் பெரிய வட்டமாக ஒரு உலோகப் புள்ளி இருக்கிறதா? நிகானிலும் பாருங்கள், அதில் இருக்கும். உங்களுடையதில் சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும்தான் இருக்கும், நடுவில் வெறும் பிளாஸ்டிக்.

கேமரா எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அந்த நடுப் புள்ளிக்கு ஒரே வேலைதான். ஷட்டர் முழுசாகத் திறக்கும் நொடியில் அதையும் ஓரத் தகட்டையும் கேமரா இணைத்துவிடும். சுவிட்ச் போட்ட மாதிரி. ஃபிளாஷ் அடித்துவிடும். கேமராத் தலையில் மாட்டும்போது டிடி600-க்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். சின்னப் புள்ளிகள் வழியாகக் கேனான் கேமராவும் கேனான் முறை ஃபிளாஷும் பேசிக்கொள்ளும் டிஜிட்டல் சமிக்ஞை அதற்குப் புரியாது. 2019-இல் வந்த உங்கள் மாடலில் கேனான் அந்த நடுப் புள்ளியையே எடுத்துவிட்டது. ஒரு துண்டு உலோகத்தில் எவ்வளவு மிச்சம் பிடித்தார்களோ! விற்கிற பல பேருக்கே இது தெரியாது. அதனால்தான் உங்களை அங்கேயும் இங்கேயும் அலைய விட்டிருக்கிறார்கள்.

தறிவீடு:

பார்த்தேன் அண்ணா. நடுவில் மொழமொழவென்று பிளாஸ்டிக்தான். இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. இங்கே தறிக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்கிற ஒருவர் நல்ல கைக்காரர். அவரிடம் கொடுத்து நடுவில் ஒரு பின் வைத்து சால்டர் பண்ணலாமா?

லாங் பஜார் ஸ்டுடியோ:

வேண்டாம்பா. பின் வைத்தால் மட்டும் ஆச்சா? அதற்கு உள்ளே இருந்து சிக்னல் வர வேண்டும், அந்த வழியே இல்லை. ஃபிளாஷைப் பிரித்து ஏதாவது செய்யலாம் என்றும் யாராவது கிளம்புவார்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும், செல்லைக் கழற்றின பிறகும் நிற்கும். மோட்டார்காரர் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் இதில் கை வைக்க வேண்டாம்.

உன் கையில் இருப்பதை வைத்தே வேலை நடக்கும். கேமராவோடு வரும் குட்டி ஃபிளாஷ் இருக்கிறதே, அதை விரலால் தூக்கிவிடு. பெரிய ஃபிளாஷைத் தலையில் மாட்டாதே, தனியாக ஒரு ஸ்டாண்டில் வை. அதில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு மோடு இருக்கும். குட்டி அடிக்கிற வெளிச்சத்தைப் பார்த்துப் பெரியது தானாக அடிக்கும். பெரிய ஃபிளாஷின் உடம்பில் முன்பக்கம் ஒரு சிவப்புக் கண்ணாடி இருக்கும், அது கேமராவைப் பார்க்க வேண்டும். தலையை மட்டும் ஆள் பக்கம் திருப்பிக்கொள். அதற்குத்தான் தலை சுற்றுகிறது.

தறிவீடு:

ஐயா, அடித்துவிட்டது! ஆனால் ஒரு கூத்து. கண்ணுக்கு நன்றாக அடிக்கிறது, படத்தில் மட்டும் வெளிச்சமே இல்லை. குட்டி ஃபிளாஷ் வெளிச்சம் மட்டும்தான் விழுந்திருக்கிறது. எஸ்1-இல் வைத்திருக்கிறேன்.

கோட்டைமதில்:

எஸ்2-க்கு மாற்றுங்கள். குட்டி ஃபிளாஷ் ஒரு தடவை அடிப்பதாக உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, உண்மையில் இரண்டு தடவை. முதலில் வெளிச்சத்தை அளந்து பார்க்க ஒரு சின்ன வெட்டு, அப்புறம்தான் ஷட்டர் திறந்து நிஜமான வெட்டு. எஸ்1 முதல் வெட்டுக்கே அடித்துவிடுகிறது. ஷட்டர் திறக்கும்போது அது காலி. எஸ்2 முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதற்கு அடிக்கும். ரெட்-ஐ குறைப்பையும் (படத்தில் கண் சிவப்பாக விழாமல் தடுக்கும் வசதி) மெனுவில் அணைத்துவிடுங்கள், அது குழப்பும்.

தறிவீடு:

வந்துவிட்டது! சுவர் ஓரம் அம்மாவை நிற்க வைத்து எடுத்தேன். புடவை ஜரிகை ஒவ்வொரு இழையும் தெரிகிறது. ஆனால் குட்டி ஃபிளாஷ் நேராக முகத்தில் அடித்து நெற்றி மட்டும் எண்ணெய் பூசின மாதிரி பளபளக்கிறது. அதை எப்படி மறைப்பது? கையால் மூடினால் பெரியது அடிக்கவில்லை.

லாங் பஜார் ஸ்டுடியோ:

அதற்கு எங்கள் காலத்து வித்தை ஒன்று உண்டு. கலர் நெகட்டிவ் ரோல் கழுவினால் முனையில் கறுப்பாக ஒரு துண்டு வரும், வெளிச்சம் பட்டு வீணான பகுதி. அதை இரண்டாக மடித்துக் குட்டி ஃபிளாஷ் மேல் ஒட்டு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அது அடைத்துவிடும், அகச்சிவப்பை விட்டுவிடும். பெரிய ஃபிளாஷின் சிவப்புக் கண்ணுக்கு அது போதும். கலர் ஃபிலிம்தான் வேண்டும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருப்பது வெள்ளித் துகள், அது இரண்டையுமே அடைத்துவிடும். பழைய ஆல்பம் கவரில் நெகட்டிவ் வைத்திருப்பார்கள், தேடிப் பார்.

காட்பாடி ஜங்ஷன்:

இவ்வளவு சர்க்கஸ் எதற்கு? டிடி600-ஐ வந்த விலைக்குத் தள்ளிவிட்டு கேனானுக்கான டிடிஎல் ஃபிளாஷ் வாங்கிக்கொள்ளுங்க. மாட்டினோமா, அடித்தோமா என்று இருக்கும். விசேஷ வீட்டில் நின்று பவரைத் திருகிக்கொண்டிருக்க முடியுமா?

லாங் பஜார் ஸ்டுடியோ:

ஜங்ஷன் தம்பி சொல்வது ஊர்வலத்துக்குச் சரி. ஆள் கிட்டே வருவான், தூரம் போவான், அங்கே டிடிஎல் சுகம். மஞ்சள் நீராட்டில் பெண் ஒரே நாற்காலியில்தான் உட்காரும். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து தட்டு வைத்து, பக்கத்தில் நின்று, போவார்கள். தூரம் மாறவே மாறாது. ஒரு தடவை பவர் சரியாக வைத்துவிட்டால் கடைசி அத்தை வரைக்கும் அதே வெளிச்சம். டிடிஎல் அங்கேதான் ஏமாறும். வெள்ளை வேட்டி கட்டின மாமா நின்றால் கேமரா பயந்து வெளிச்சத்தைக் குறைக்கும், கருநீலப் பட்டு நின்றால் கூட்டும். பெண்ணின் முகம் படத்துக்குப் படம் மாறும். நான் மண்டபத்தில் இன்றைக்கும் மேனுவல்தான்.

தறிவீடு:

விற்கிற எண்ணம் இல்லை. ஆனால் பவரை எவ்வளவு வைப்பது என்றுதான் தெரியவில்லை. பெட்டியில் கைடு நம்பர் 60 என்று போட்டிருக்கிறது. அதை வைத்து ஏதோ கணக்கு உண்டாமே?

கோட்டைமதில்:

உண்டு. கைடு நம்பரை மீட்டர் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பின் எஃப் எண், வரும். ஆனால் அந்த 60-ஐ நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-இல், ஃபிளாஷ் தலை 200 எம்எம்-க்குக் குவிந்திருக்கும்போது, முழு பவரில். நீங்கள் குழுப் படத்துக்கு 24, 35 என்று விரித்து வைப்பீர்கள், அப்போது அது நிறையக் குறையும். எங்காவது பட்டுத் தெறித்து வரும் வெளிச்சத்துக்கு இந்தக் கணக்கு எடுபடவே படாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/125, பவர் 1/8. ஒரு படம் எடுங்கள். இருட்டாக இருந்தால் 1/4, வெளுத்தால் 1/16. 1/8-இலிருந்து 1/4-க்குப் போவதும் எஃப் 5.6-இலிருந்து எஃப் 4-க்குத் திறப்பதும் ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு ஒரே அளவு ஏற்றம்தான். ஃபிளாஷை இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்தால் வெளிச்சம் கால்வாசி ஆகிவிடும், இதை மட்டும் மறக்காதீர்கள். பின்னால் சீரியல் செட் இருளோ என்று இருந்தால் பவரைத் தொடாதீர்கள். ஷட்டரை 1/60-க்கு இறக்குங்கள், பின்னணி மட்டும் தூக்கும். முகம் அப்படியே இருக்கும். ஃபிளாஷ் அடிக்கிற நேரம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு துளிதான், அதனால் ஷட்டரை மெதுவாக்கினாலும் அதன் பங்கு மாறாது.

பாலாற்றங்கரை:

நடுவில் புகுந்து கேட்கிறேன். என் நிகானில் இதே மாதிரி மேனுவல் ஃபிளாஷ் போட்டால் சில படங்களில் கீழ்ப்பாதி கறுப்பாகப் போகிறதே?

கோட்டைமதில்:

ஷட்டர் ஸ்பீடைப் பாருங்கள், 1/200-ஐத் தாண்டியிருப்பீர்கள். அதற்கு மேல் போனால் சென்சார் முழுசும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது, திரை மறைத்த பகுதி கறுப்பு. ஒற்றைப் பின்னில் மாட்டிய ஃபிளாஷ் இருப்பது கேமராவுக்கே தெரியாது, அதனால் தடுக்காது. தறிவீட்டுத் தம்பிக்கு அந்தக் கவலை இல்லை, குட்டி ஃபிளாஷைத் தூக்கியிருக்கும் வரை கேமராவே 1/200-க்கு மேல் விடாது.

லாங் பஜார் ஸ்டுடியோ:

ஷாமியானா என்று சொன்னாயே, என்ன நிறம்? இங்கே வாடகைக்கு வருவது பாதிக்கு மேல் சிவப்பு, மஞ்சள் பட்டைதான். மண்டபத்தில் செய்கிற மாதிரி ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பி அடித்தாய் என்றால் அந்தச் சிவப்பு அத்தனையும் பெண் முகத்தில் இறங்கும். மஞ்சள் பூசின முகம் வேறு, கேட்கவே வேண்டாம். ஒரு தெர்மாகோல் ஷீட் வாங்கி, பெண்ணுக்கு ஒரு பக்கம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே சாய்த்துக் கட்டு. ஃபிளாஷை அதைப் பார்த்துத் திருப்பு. சினிமாவில் வெயிலை அப்படித்தான் திருப்புவார்கள். ஃபிளாஷ் தலையை நன்றாகப் பின்னால் தள்ளி வை. ஷீட் முழுசும் வெளிச்சம் பரவினால்தான் நிழல் மெத்தென்று விழும். பவர் 1/2 வரைக்கும்கூடப் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று, விசேஷம் காலையிலா, சாயங்காலமா? நம் ஊர் வைகாசி வெயிலில் இந்தச் சிவப்புக் கண் பாதி நேரம் குருடாகிவிடும். வெயில் நேரே அதில் படக்கூடாது. கண் மேல் வெயில் விழாமல் அட்டையில் ஒரு மறைப்பு ஒட்டு.

தறிவீடு:

சாயங்காலம் நாலு மணிக்கு மேல். வீடியோகாரர் ஒருவர் வருகிறார், கூட அவர் பையன் ஸ்டில் எடுப்பானாம். அவன் ஃபிளாஷ் அடித்தாலும் என்னுடையது அடிக்குமா?

கோட்டைமதில்:

அடிக்கும். அதுதான் இந்த முறையின் பெரிய தொல்லை. அவன் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் உங்கள் செல் கரையும். உங்களுக்கு வேண்டிய நேரத்தில் ஃபிளாஷ் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். சொந்தக்காரர்களின் செல்போன் வெளிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம், அது எல்இடி, பொதுவாக இதை எழுப்பாது.

நிரந்தரத் தீர்வு ரேடியோ டிரிக்கர். டிடி600-க்குள்ளேயே கோடாக்ஸ் ரேடியோ ரிசீவர் இருக்கிறது, நீங்கள் கேமராத் தலைக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் மட்டும் வாங்கினால் போதும். கேனானுக்கான மாடலையே கேளுங்கள், எக்ஸ்2டி அல்லது எக்ஸ்புரோ. நடுப் புள்ளியை மட்டும் நம்பும் மலிவு டிரிக்கர் உங்கள் கேமராவில் செத்த மாதிரிதான் கிடக்கும். கேனான் மாடலிலும் பழைய ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) இருந்தால் தகராறு பண்ணலாம். அதனால் கேமரா, ஃபிளாஷ் இரண்டையும் கடைக்கு எடுத்துப் போய், மாட்டி, அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

சரி, டிரிக்கர் வாங்கினால் நானும் ஒப்புக்கொள்கிறேன். என் மாமா பெட்டியில் பழைய விவிடார் 283 ஒன்று கிடக்கிறது. அதை என் கேமராவில் மாட்டலாமா?

லாங் பஜார் ஸ்டுடியோ:

அளக்காமல் மாட்டாதே. ஆரம்பகால 283-களில் காலிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் வரும். ஃபிலிம் கேமரா தாங்கியது, டிஜிட்டல் போர்டு தாங்காமல் போகலாம். செல் போட்டு, ரெடி விளக்கு எரிந்த பிறகு, நடுப் பின்னுக்கும் ஓரத் தகட்டுக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார். 6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஷோகேஸில் வை, அழகாக இருக்கும்.

தறிவீடு:

டிரான்ஸ்மிட்டர் வந்துவிட்டது. கடையிலேயே மாட்டிப் பார்த்தேன், 200டி-யில் அடிக்கிறது. இப்போது கேமராவில் இருந்தபடியே பவர் மாற்ற முடிகிறது, ஸ்டாண்டுக்கு ஓட வேண்டியதில்லை. நேற்று மாடியில் சிவப்புப் போர்வை கட்டி, தெர்மாகோல் வைத்து ஒத்திகை பார்த்தேன். 1/4, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400-இல் முகம் சரியாக வருகிறது, சிவப்பு ஏறவில்லை. கடைசியாக ஒன்று, ரொம்ப நேரம் எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சாதாரண பென்சில் செல்தான் போட்டிருக்கிறேன்.

கோட்டைமதில்:

ரீசார்ஜ் செல் போடுங்கள், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. 1.2 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். ஃபிளாஷ் கேட்கிற கரண்டை அது சட்டென்று கொடுக்கும், காத்திருக்கும் நேரம் குறையும். எட்டு செல் வாங்கி நாலு நாலாகப் பிரித்து எண் எழுதி வையுங்கள். ஒரு செட்டின் செல்லை இன்னொன்றோடு கலக்கக் கூடாது. முழு பவரில் விடாமல் அடித்தால் சூடேறி ஃபிளாஷே தன்னைத்தானே நிறுத்தி வைக்கும். 1/4-இல் அந்தத் தொல்லை அதிகம் வராது. பையை மட்டும் வெயிலில் பைக் மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

லாங் பஜார் ஸ்டுடியோ:

முதல் நாள் ராத்திரியே சார்ஜில் போட்டுவிடு. விசேஷத்தன்று உங்கள் தெருவில் கரண்டு இருக்கும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.