ஒடாகோ ரயில் டிரெயில்: 63 வயசு அம்மாவால சைக்கிள்ல போக முடியுமா?

கிரைஸ்ட்சர்ச் தம்பி
வணக்கம் மக்களே. மார்ச்ல மூணு நாள் லீவ் போட்டு இங்க நியூசிலாந்துல ஒடாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில் போலாம்னு இருக்கோம், பழைய ரயில் பாதையில தண்டவாளத்த எடுத்துட்டு ஜல்லி போட்டு வச்சிருக்காங்களே அதான், க்ளைட்ல இருந்து மிடில்மார்ச் வரைக்கும் 152 கிமீ. பையனுக்கு 11 வயசு, அவன் ஓட்டிடுவான். அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க, டீச்சரா இருந்தப்ப தினமும் ஸ்கூலுக்கு சைக்கிள்லதான் போவாங்க, இப்ப நானும் வரேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. மலைப்பக்கம்னு சொல்றாங்களே, ஏத்தம் எப்படி இருக்கும்?

டனீடன்வாசி
தாராளமா கூட்டிட்டு போங்க தம்பி. நீராவி எஞ்சின் சரக்கு இழுத்துட்டு ஏறுன பாதை அது, செங்குத்தா போட்டிருந்தா வண்டி ஏறியே இருக்காது. அதனால சுத்தி சுத்தி நீட்டி போட்டிருக்காங்க. உச்சியே 618 மீட்டர்தான், அங்க வந்துட்டோம்னு போர்ட பாத்தாதான் தெரியும்.
காத்துதான் பிரச்சினை. எதிர்காத்து அடிச்சா சமதரையிலயே மூச்சு வாங்கும். அம்மாவுக்கு இ-பைக் (பேட்டரி சைக்கிள்) எடுங்க, கிளம்புறதுக்கு முன்னாடி சார்ஜ் எவ்ளோன்னு நீங்களே பாருங்க. எனக்கு வாடகைக்கு குடுத்த எடத்துல பாதி சார்ஜோட அனுப்பிட்டாங்க, வழியில இருக்க ரேன்ஃபர்லி ஊருக்கு முன்னாடியே தீந்துபோச்சு, மிச்ச தூரம் அந்த கனமான வண்டிய மிதிச்சு முட்டி ரெண்டு நாள் வலி.

மலர் அக்கா
மூணு நாள்ல 152ன்னா தினம் 50 கிமீக்கு மேல வருது, அம்மாவோட அது வேணாம் தம்பி, நல்ல பகுதிய மட்டும் நிதானமா போங்க. என்னைக் கேட்டா லாடர்ல இருந்து ஓட்டுரேஹுவா, 20 கிமீ சொச்சம். நடுவுல பூல்பர்ன் கணவாய், அங்க கார் ரோடே கிடையாது. ரெண்டு ரயில் சுரங்கப்பாதை வரும், ஒவ்வொண்ணும் 200 மீட்டர் சொச்சம், உள்ள லைட் கிடையாது, டார்ச் கட்டாயம் வேணும், சைக்கிள தள்ளிட்டே நடங்க. பக்கத்துலயே 37 மீட்டர் உயரத்துல பாலம், தூணெல்லாம் கல்லு மேல கல்லா அடுக்கி கட்டினது. ஒரு தூண் கிட்டப் போயி பாருங்க, ஒவ்வொரு கல்லும் ஒரு சைஸ், ஆனா எவ்ளோ கச்சிதமா உக்காந்திருக்கு! 1990ல ரயில நிறுத்தினப்ப இதெல்லாம் அப்படியே பாழா போயிருக்கும், 2000ல டிரெயில திறந்ததாலதான் நாம பாக்குறோம்.
ஓட்டுரேஹுவாவுல ஹேய்ஸ் பட்டறைய விட்றாதீங்க. வேலிக்கம்பி இழுத்துக் கட்டுற கருவி செஞ்ச குடும்பம், வீட்டுக்காரர் செஞ்சத அவர் மனைவி ஹன்னா 1890கள்ல சைக்கிள்ல பண்ணை பண்ணையா போயி வித்திருக்காங்க. அம்மாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

கிரைஸ்ட்சர்ச் தம்பி
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. லாடர்ல இருந்தே கிளம்புறோம், டார்ச் மூணு வாங்கியாச்சு. ஹன்னா கதைய அம்மாகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "அந்தம்மா நீளப் பாவாடை செயின்ல மாட்டாம எப்படிடா ஓட்டுனாங்க"ன்னு கேட்டாங்க. இ-பைக் வேணாமாம், சாதா சைக்கிளே போதுமாம்.